வலையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். வத்தல்மலையில் தெரிந்தவர் காப்பித் தோட்டத்தில் கேட்டுக்கொண்டு, நண்பர்களோடு இரண்டு இரவு தங்கப் போகிறானாம். "சார், டென்ட் ரொம்ப எடை. உள்வலையையும் தரைத்துணியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு மேல்துணியை மட்டும் கட்டினால் பாதி எடை குறையுமாம்" என்றான். யார் சொன்னது என்றேன். ஒரு அமெரிக்காக்காரர் வீடியோவாம்.

அவர் ஊருக்கு அது சரியாக இருக்கலாம். அவர் ஊரில் கட்டுவிரியன் இல்லை.

நம் ஊரில் இருக்கிறது. இரவில்தான் திரியும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வீக்கம் இருக்காது, பெரிய வலியும் தெரியாது. எறும்பு என்று புரண்டு படுத்துவிடுவோம். என் பெரியப்பா மகன், அண்ணன், களத்தில் ராகிப் போருக்குக் காவல் படுத்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்தார். வாய்வு என்று ஓமத்தண்ணி கொடுத்தோம். பிறகு இமையைத் தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. மத்தியானம் தாண்டவில்லை. அந்த வயிற்றுவலியே விரியன் கடியின் அறிகுறி என்று பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அரைக் கிலோ, முக்கால் கிலோ மிச்சம் பிடிக்க இதையா விலை கொடுப்பது?

எடையைக் குறைக்க வேண்டுமா, கூரையில் குறை. ஐந்தாம் வகுப்புப் பரப்பளவுக் கணக்குதான். தார்ப்பாய்க் கடையில் ஜிஎஸ்எம் என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது அது. மூன்றுக்கு மூன்று மீட்டர் பாய் 9 சதுர மீட்டர். 90 ஜிஎஸ்எம் என்றால் 810 கிராம். 250 என்றால் 2,250 கிராம். அதை வாங்கினால் டென்ட்டையே தூக்கிப் போகலாம். பாயை இரண்டு மூங்கில் கழியில், காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டு. அதற்குக் கீழே, தரையோடு சேர்த்துத் தைத்து ஜிப் வைத்த ஒற்றையாள் வலை. எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான் வரும். முப்பது நாற்பதாயிரம் போட்டு வெளிநாட்டுக் கூடாரம் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். வலையும் தரையும் இல்லாவிட்டால் அதுவும் வெறும் குடைதான்.

ஒகேனக்கல் பக்கம் காப்புக்காட்டில் எந்தக் கூடாரமும் வேண்டாம். யானை ஜிஎஸ்எம் பார்க்காது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் பார்த்தோம்.

"சார் பயமுறுத்துகிறார்" என்று சிரித்தான். இருக்கட்டும். வத்தல்மலையிலிருந்து தருமபுரி அரசு ஆஸ்பத்திரிக்கு நடுராத்திரியில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வர வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, வண்டியை எடு.

வரும் சனிக்கிழமை கிளம்புகிறார்களாம். அவன் பேட்ச் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் போன் போட்டு, மூட்டையில் வலை இருக்கிறதா என்று கேளுங்கள்.