அறிவியல் பக்கம்: பனிக்கட்டி ஏன் மிதக்கிறது?



ஊரில் குளம் வற்றக் கண்டிருக்கிறோம், உறையக் கண்டதில்லை. இங்கே உறைந்த ஏரியைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஒரே ஆசை. சிப்ற் வேலைக்குப் போகும் நாங்கள், பாடசாலை விட்டு அவர்கள் எந்த வழியால் வருகிறார்கள் என்று பார்ப்பதற்கில்லை. ஆகவே விளக்கம் சொல்லிவைப்போம்.

அநேகமான பொருட்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 பாகை செல்சியஸ் வரை அப்படித்தான். அதற்குக் கீழே குளிர்ந்தால் விரியத் தொடங்கும். 0 பாகையில் உறையும்போது கனவளவு ஏறக்குறைய 9 வீதம் கூடும். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் போத்தல் உறைந்தால் வெடிப்பது இதனால்தான்.

விரிந்ததால் பனிக்கட்டி தண்ணீரிலும் அடர்த்தி குறைந்தது, மிதக்கிறது. எனவே ஏரி மேலிருந்துதான் உறைகிறது. அடியில் 4 பாகையளவில் தண்ணீர் இருக்க, மீன்கள் உயிர் வாழ்கின்றன. அதாவது, பனிக்கட்டிக்குக் கீழே ஆழமான தண்ணீர் அப்படியே இருக்கிறது!

தேங்கிய நீரில் 15 சென்ரிமீற்றர், ஓடும் நீரில் 20 சென்ரிமீற்றர் தடிப்பாவது வேண்டும் என்கிறது டி.எல்.ஆர்.ஜி. என்னும் ஜேர்மன் உயிர்காப்புச் சங்கம். கண்ணால் பார்த்து இதை அறிய முடியாது. கரையில் தடிப்பாக இருக்கும் பனி நடுவில் மெல்லியதாக இருக்கலாம். நகரசபை அனுமதி அறிவிக்கும்வரை கால் வைக்கவேண்டாம்.

பனி வெடிக்கும் சத்தம் கேட்டால் உடனே படுத்து, வந்த வழியே ஊர்ந்து திரும்புங்கள். யாராவது விழுந்தால் முதலில் 112 இற்கு அழையுங்கள். இந்த இலக்கத்தை இன்றே பிள்ளைகளுக்குப் பாடமாக்குவோம்.