சுவர் எழுப்பினால் ஆறு பிழைக்குமா?

நகரத்து ஆறு ஒன்று நாறத் தொடங்கிவிட்டால், அதன் இரு மருங்கிலும் சிமெண்டுச் சுவர் எழுப்பி, மேலே நடைபாதையும் புல்தரையும் விளக்குக் கம்பங்களும் அமைத்து, நடுவே படகும் விட்டுவிட்டால் அது புத்துயிர் பெற்றுவிடும் என்ற அபிப்பிராயம், படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி நம் தேசமெங்கும் வேரூன்றியிருக்கிறது. இதற்குப் பிரமாணமாக எல்லோரும் காட்டுவது ஆமதாபாத்தின் சபர்மதிக் கரையை. ஆகையால் அதையே பரிசீலிப்போம்.

ஆரவல்லி மலையில் பிறந்து காம்பே வளைகுடாவில் கலக்கும் சபர்மதி, மழைக்காலத்தில் பெருகி, மற்ற மாதங்களில் மணலாய்க் கிடப்பதையே சுபாவமாகக் கொண்ட நதி. (மணலைக் கண்டால் நமக்கு ஏனோ வெட்கம்; எப்போதும் தளும்பி நிற்பதே ஆற்றுக்கு லட்சணம் என்பது குளத்து நியாயம்.) இடத்துக்கு இடம் அகன்றும் குறுகியும் சென்ற அந்த நதியை, 2012-ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட திட்டம் நகரத்தின் நெடுகச் சுமார் 263 மீட்டர் என்ற ஒரே அகலத்துக்குள் அடைத்து, மிச்சம் பிடித்த படுகையைச் சாலையாகவும் மனையாகவும் பூங்காவாகவும் மாற்றி, கரையில் பிழைத்திருந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களை ஊர்ப்புறத்துக்குப் பெயர்த்தது. அங்கே நிற்கும் நீராவது சபர்மதியினுடையதா என்றால், பெரும்பாலும் அதுவும் இல்லை. நர்மதைக் கால்வாயிலிருந்து திருப்பி, வாஸ்னா கதவணையால் தேக்கிய இரவல் நீர் அது. அணையைத் தாண்டிக் கீழே செல்பவர்க்குச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்தோடும் வேறொரு தரிசனம் கிட்டும். 2021-ல் குஜராத் உயர் நீதிமன்றமே இம்மாசு குறித்துத் தானாக முன்வந்து விசாரணையை மேற்கொண்டது.

வெள்ளத்தைத் தடுக்கச் சுவர் வேண்டாமா என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈசார் நதியை நேர்க்கால்வாயாக்கிய மியூனிக் நகரத்தார், 2000 முதல் 2011 வரை எட்டுக் கிலோமீட்டர் தூரம் அந்தக் கரைக்கட்டுகளைப் பெயர்த்தெறிந்து, படுகையை அகலப்படுத்தி, கூழாங்கல் திட்டுகளை நதியே தன் இச்சைப்படி அமைத்துக்கொள்ள விட்டதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று வெள்ளப் பாதுகாப்புதான். மேலேயுள்ள ஊர்களின் கழிவுநீரையும் கிருமி நீக்கி விடுவதனால், கோடையில் ஜனங்கள் அதில் இறங்கி நீராடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1970-களின் தொடக்கத்தில் கூவத்திலே படகுத்துறைகள் கட்டிப் படகும் விட்டோம். சாக்கடை நிற்கவில்லை, படகு நின்றது. அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி 2011-ல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவிலோ, குப்பையையும் இடிபாடுகளையும் அகற்றி, கழியை ஆழப்படுத்தி, மண்ணுக்குரிய மரஞ்செடிகளை நட்டார்கள்; பறவைகள் வந்தன.

ஆதலால் வாசகரே, வர்ணப் படங்களோடு அடுத்த ஆற்றங்கரைத் திட்டம் உமது ஊருக்கு வரும்போது, எத்தனை சாக்கடை வாய்கள் அடைபடும், வெள்ளம் படர எவ்வளவு நிலம் விடப்படும் என்ற இரண்டு கேள்விகளைக் கேளும்; விடை கிட்டும் வரை உமது வரிப்பணத்தில் ஒரு காசும் செலவிடச் சம்மதியாதீர்.