‘தமிழ்தானே, சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு?’

“தமிழ் பேசத் தெரியும்ல? கையில செல்போன் இருக்குல்ல? வீட்டுல உக்காந்துக்கிட்டே மணிக்கு இருபது டாலர் சம்பாதிக்கலாம்.”

பட்டுக்கோட்டையில் எம்.ஏ. தமிழோ பி.எட்.டோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களின் கைப்பேசியில் இந்த வாசகம் ஒரு தடவையாவது தலைகாட்டியிருக்கும். யூடியூப் துணுக்காக வரும், வாட்ஸ்அப்பில் யாரோ தள்ளிவிட்ட செய்தியாக வரும். கல்யாண வீட்டுப் பந்தியில், “நீயும் இதைச் செய்யலாம்லம்மா, சும்மாதானே இருக்கே” என்று சித்தப்பா ஒருவரின் அறிவுரையாகவும் வரும்.

தொழில் பொய்யில்லை. அதற்குத் தேவை இருக்கிறது என்பதைப் பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், முத்துப்பேட்டை என்று சுற்று வட்டாரம் முழுக்கச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் ஆள் உள்ள ஊர்கள்தாம். அங்கே பிறந்த பேரப்பிள்ளை, இங்கே இருக்கும் அப்பாயியிடம் வீடியோவில் ‘ஹாய்’ சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது. தமிழ்க் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்ட வெளிநாட்டு மருமகன், பதம் பாடும்போது பொருள் தெரியாமல் அபிநயம் பிடிக்க விரும்பாத நடன மாணவி, 1998இல் ஜப்பானில் ‘முத்து’ ஓடியதிலிருந்து ரஜினியை விடாத ரசிகர் என்று கேட்டு வருகிறவர்கள் பல ரகம். பொய்யெல்லாம் அந்த வாசகத்தில் இருக்கும் ‘தெரியும்ல’, ‘உக்காந்துக்கிட்டே’, ‘மணிக்கு இருபது’ ஆகிய மூன்று சொற்களில்தான்.

முதலில் ‘தெரியும்ல’. தாய்மொழியாகப் பேசத் தெரிந்தாலே சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்ற இந்த நம்பிக்கையைக் காவிரிப் படுகை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது. 1706 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மானிய மதபோதகர்களான சீகன்பால்குவும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். தமிழ் கற்க ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார்கள். எழுபது வயதுப் பெரியவர் தம் பிள்ளைகளோடு அவர்கள் வீட்டுக்கே வந்து பள்ளியை நடத்தினார். ஜெர்மானியர் இருவரும் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் போட்டார்கள். வாத்தியாரின் தமிழில் யாரால் குறை சொல்ல முடியும்? ஆனால் மாணவர்களுக்கு எழுத்து வந்ததே தவிரப் பொருள் விளங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த மொழி எதுவும் வாத்தியாருக்குத் தெரியாது. போர்த்துக்கீசியம் முதலான ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் வந்து சேர்ந்த பிறகுதான் பாடம் நகர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1716இல், சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது.

அந்த வாத்தியாரின் இக்கட்டு இன்றும் ஜூம் திரையில் அப்படியே நடக்கிறது. முதல் வாரத்திலேயே மாணவர் “நான் பசிக்கிறேன்” என்பார். “எனக்குப் பசிக்குது” என்று திருத்துவது சுலபம். ஏன் என்று கேட்டால்? தெரியும், பிடிக்கும், வேண்டும், வலிக்கிறது எல்லாமே ‘எனக்கு’ என்று தொடங்குகின்றன, ‘நான் தெரியும்’ என்று யாரும் சொல்வதில்லை, செய்கிறவன் என்பதைவிட யாருக்கு நேர்கிறதோ அவன் என்ற நிலை அங்கே இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தமிழ் பேசியவர்கூட இதை ஒரு தடவையும் யோசித்திருக்க மாட்டார். யோசிக்கத் தேவை வந்திருக்காது.

வினைச்சொல்லுக்கு வந்தால் இன்னும் கஷ்டம். ‘பறி’ என்றால் பறித்தான். அப்படியானால் ‘எறி’க்கு ஏன் எறித்தான் இல்லை? “அப்படித்தான் சொல்லுவோம்” என்பது தாய்மொழிக்காரரின் பதில், அதற்குக் காசு கொடுக்க யாரும் வரமாட்டார்கள். பறிக்கிறான் என்று ‘க்கிற’ வந்தால் எதிர்காலத்தில் பறிப்பான் என்று ‘ப்ப்’ வரும், எறிகிறான் என்றால் எறிவான் என்று மாணவருக்கு ஒரு பிடி கொடுப்பது ஆசிரியரின் பதில். இறந்தகாலத்தில் அந்தப் பிடியும் நழுவும்: நடக்கிறான், நடப்பான் என்று ஒழுங்காக வந்துவிட்டு, நடந்தான் என்று காலை வாரிவிடும். ஆர்டன் என்ற பாதிரியார் 1891இல் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் வெளிமாணவர்கள் எங்கே தடுக்குவார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது. எம்.ஏ.வில் நன்னூலைக் கரைத்துக் குடித்தவர்களும் இப்படி ஒரு புத்தகத்தைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். நன்னூல், தமிழ் தெரிந்தவனுக்கு எழுதிய இலக்கணம்.

இங்கே விளம்பரக்காரர்கள் வேறொரு பக்கம் தாவுவார்கள்: “பள்ளிக்கூடப் புத்தகத்தை அப்படியே நடத்துங்கள், ஊர்ப் பேச்சை மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள், கொச்சை.” முதல் யோசனையைவிட இது மோசம். “அவர்கள் வருகிறார்கள்” என்று படித்துவிட்டுத் தஞ்சாவூர் புதுப் பேருந்து நிலையத்தில் இறங்குகிற மாணவர் காதில் “அவங்க வராங்க” என்றுதான் விழும். மொழியியலாளர் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றிக் கட்டுரை எழுதியதிலிருந்து இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு இரு நூற்றாண்டு முன்னமே கத்தோலிக்கப் பாதிரியாரான வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்று, அன்றாட வழக்காகிய கொடுந்தமிழுக்கு ஒன்று என்று லத்தீனில் இரண்டு தனி இலக்கணம் எழுதிவைத்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானது தரங்கம்பாடியில். அவரோடு ஓயாமல் மல்லுக்கு நின்ற லுத்தரன் மிஷன்காரர்களின் அச்சகம் அது. பகையாளி எழுதினாலும் புத்தகம் தேவைப்பட்டது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளிப் பாடமும்கூட. அங்கே 2005இல் நடந்த பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையிலேயே இடம் கொடுத்தார்கள். தொடக்கநிலை இறுதித் தேர்வில் வாய்மொழித் தேர்வும் கேட்டல் கருத்தறிதலும் உண்டு. நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பாணியில் செய்யுளையும் சொற்பொருளையும் மனப்பாடம் செய்யவைத்தால் அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் வராது. ஆசிரியைக்கு அடுத்த மாதச் சம்பளமும் வராது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் மதுரைக்கு வந்து தங்கித் தமிழ் படிப்பதற்கு அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் அங்கே ஒரு மையமே நடத்துகிறது. புத்தகத் தமிழ் மட்டும் போதுமென்றால் அவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

அதற்காக ஊர்ப் பேச்சை அப்படியே அள்ளிக் கொட்டிவிடவும் முடியாது. அது ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அடுத்தது ‘மணிக்கு இருபது’. இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். 2012இல் தொடங்கிய பிரிப்லி உலகம் முழுக்க ஆசிரியர்களையும் மாணவர்களையும் இணைக்கும் பெரிய தளங்களில் ஒன்று. முன்பின் பெயரில்லாத புது ஆசிரியை இருபது டாலர் போட்டால் அவர் பக்கத்தை யாரும் திறக்க மாட்டார்கள் என்பதால், பத்து டாலர் போட்டதாகக் கொள்வோம். தளத்தின் கழிவு 33 விழுக்காட்டில் தொடங்குகிறது. பாடம் நடத்திய மணிகள் கூடக் கூட 18 வரை இறங்கும். ஆக முதலில் கையில் வருவது 6 டாலர் 70 சென்ட். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 570 ரூபாய். ஒரு மணிப் பாடத்துக்கு ஒரு மணி தயாரிப்பு, புதுசில் அதற்குக் குறையாது. மணிக்கு 285 ரூபாய் என்றாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு புது மாணவரின் முதல் சோதனை வகுப்புக் கட்டணமும் முழுசாகத் தளத்துக்கே. பத்துப் பேர் எட்டிப் பார்த்து நாலு பேர் தங்கினால், பத்து வகுப்பு தர்மத்துக்கு நடத்தியதாக அர்த்தம்.

285 ரூபாய் கேவலமான தொகையில்லை. பட்டுக்கோட்டையில் வீட்டுக்கு வீடு டியூஷன் எடுப்பவருக்கு அது நல்ல காசு. ஆனால் இருபது டாலர் என்று கேட்டு வந்தவர் மூன்றாம் வாரமே மூட்டை கட்டிவிடுகிறார். கடைசியில் நிச்சயமாகச் சம்பாதிப்பது, ‘ஆன்லைன் ஆசிரியர் ஆவது எப்படி’ என்று பயிற்சிக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பவர்தான்.

“தளத்தில் சேர்ந்தால் மாணவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்” என்பதையும் நம்ப முடியாது. சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வி.ஐ.பி. கிட் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்லாயிரம் ஆசிரியர்களை வைத்திருந்தது. 2021 ஜூலையில் சீன அரசு தனிப்பயிற்சிக்குக் கடிவாளம் போட்டது. அடுத்த மாதமே வெளிநாட்டு ஆசிரியர் வகுப்புகளைப் புதிதாக விற்பதை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அந்த ஆசிரியர்களில் பலருக்கு அதுதான் வீட்டு வாடகை. தமிழுக்கு அந்த அளவு கூட்டமும் கிடையாது, ஆகவே அந்த அளவு சரிவும் கிடையாது. இங்கே மாணவர் வருவது பெரும்பாலும் வாய்வழியாகத்தான்: ஒரு பிள்ளை நன்றாகப் பேசினால் அதன் அத்தை வீட்டுப் பிள்ளையும் சேரும். பணம் வெளிநாட்டிலிருந்து வர பேபால், வைஸ், பயோனியர் மாதிரி வழிகள் இருக்கின்றன. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவுக்குக் கவலைப்பட வேண்டாம். வருமானவரிக் கணக்கில் மட்டும் காட்டிவிட வேண்டும்.

‘உக்காந்துக்கிட்டே’ என்பதில் ஒரு கடிகாரத்தை மறைத்துவிட்டார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே மாலை ஏழு, இங்கே நாலரை. காபி குடித்துவிட்டு உட்காரலாம். டொரொண்டோவிலும் நியூஜெர்சியிலும் பள்ளிக்கூடம், கராத்தே, பியானோ எல்லாம் முடிந்து குழந்தை தமிழுக்கு ஒழிவது இரவு ஏழு மணிக்கு. கோடையில் அது இங்கே மறுநாள் விடியற்காலை நாலரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள், வகுப்பு ஐந்தரைக்கு நகரும். மார்ச் இரண்டாம் ஞாயிறு பழையபடி நாலரை. இந்தத் தேதிகளை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராத ஆசிரியர் இருப்பது அபூர்வம். மார்கழியில் ஐந்தரை மணி வகுப்பென்றால் கோயில் ஒலிபெருக்கியும் சேர்ந்து பாடம் நடத்தும். மாணவர் பேசும்போதெல்லாம் தன் மைக்கை அணைத்து, திருத்தம் சொல்ல மட்டும் திறந்து, உடனே அணைக்கும் விரல் வித்தை தை பிறப்பதற்குள் பழகிவிடும்.

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அது பேரிடர், தினமும் வராது. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நீளும் மின்தடை மாதாமாதம் வரும். ரௌட்டருக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி, போனில் இன்னொரு நிறுவனத்தின் சிம் ஆகிய இரண்டும் பாடப்புத்தகத்துக்கு முன்னால் வாங்க வேண்டியவை. விளக்கு, விலை உயர்ந்த கேமரா, பின்னால் புத்தக அலமாரி எல்லாம் துணுக்கு வீடியோ எடுப்பவர்களுக்கு. மாணவருக்கு வாயசைவு தெரிய வேண்டும், ழகரம் காதில் தெளிவாக விழ வேண்டும். ஓர் இயர்போன் மைக்கும் ஜன்னல் வெளிச்சமும் அதற்குப் போதும்.

பாடப்பொருளுக்கும் காசு கொட்ட வேண்டாம். 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், மழலைக் கல்வியிலிருந்து அடிப்படை, இடை, மேல் நிலைகள்வரை பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 1998 முதல் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கென்றே பாடநூல் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளை எங்கே திணறும் என்பது இவற்றைப் புரட்டினாலே தெரியும்.

ஆனால் இவற்றில் எதிலும் இல்லாத ஒரு பாடம் பட்டுக்கோட்டை வீட்டுக்குள் இருக்கிறது. அதை எடுக்கச் செலவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசுவதை, அவர்களிடம் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் போனில் பதிந்து ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதிப் பார்ப்பதுதான் அது. ‘பேசுகிறார்கள்’ என்று எழுதக் கை போகும். காதில் விழுந்தது ‘பேசறாங்க’ என்று மனசு தடுக்கும். அந்தத் தடுமாற்றத்தில்தான் ஆசிரியை உருவாகிறார். நாலு பக்கம் எழுதினாலே, தான் ‘நாம’ எங்கே சொல்கிறோம், ‘நாங்க’ எங்கே சொல்கிறோம் என்று பிடிபடும். மாமனார் வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு “நாங்க சாப்பிடலாம்” என்று மருமகன் சொன்னால், பக்கத்தில் இருக்கும் மாமனாரை அவர் கழித்துவிட்டார் என்பதை அதன்பிறகு விளக்கத் தெரியும்.

ஊர்ப் பேச்சை அப்படியே அள்ளிக் கொட்ட முடியாது என்றதற்குக் காரணமும் அதே வீட்டுப் பேச்சில்தான் இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, கல்லணைக் கால்வாயில் இறங்கி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேர அதற்குமேலும் நாளாகும். வந்த அன்று வீட்டில் தாத்தா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே “தண்ணி வந்துட்டு” என்பார். டெல்டாவில் பலருக்கு இது முழு வாக்கியம். வந்துவிட்டது என்று பொருள். சென்னை வழக்கில் படித்த மாணவருக்கோ ‘வந்துட்டு’ என்றால் ‘வந்துவிட்டு’. திரையின் அந்தப் பக்கம் அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, தண்ணீர் வந்துவிட்டு அப்புறம் என்ன செய்தது என்று காத்துக்கொண்டிருப்பார்.