நிலம் நிற்பதில்லை

கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனையில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. பெயர் இந்திரா முனை. 1972-ல் அது எரியத் தொடங்கியபோது அதன் அடிவாரம் கரையில், காய்ந்த மண்ணில் இருந்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அதைச் சுற்றி அலையடிக்கிறது. கடல் பொங்கி வந்து விளக்கைச் சூழ்ந்துகொண்டது என்று பலரும் எழுதினார்கள். விஞ்ஞானிகள் சொன்னது வேறு: கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நிலம்தான் இறங்கிவிட்டது. சுமார் நாலேகால் மீட்டர். ஒரு மாடி வீட்டின் உயரத்தைவிட அதிகம்.

கடல் ஏறியதா, நிலம் இறங்கியதா? கரையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தமிழனுக்கு இதில் ஒரு பழைய சாய்வும் உண்டு. இறையனார் களவியல் உரை காலம் தொட்டு நம்மிடம் இருப்பது ‘கடல்கோள்’ என்ற சொல். கொள்வது கடல், கொடுப்பது நிலம். நிலத்தின் மேல் பழி சொல்ல நம் மொழிக்கு மனம் வருவதில்லை. ‘நில்’ என்ற வினையோடு சேர்த்தே ‘நிலம்’ என்ற சொல்லை நினைத்துப் பழகியவர்கள் நாம். நிலம் நடக்கும் என்று சொன்னால் கவிதை என்று ஒதுக்கிவிடுவோம்.

ஆனால் நடக்கிறது. இந்தியா இருக்கும் பாறைத்தட்டு, அந்தமான் தீவுகளைத் தாங்கும் தட்டுக்குக் கீழே சாய்வாக நுழைந்துகொண்டிருக்கிறது. வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகம். இரண்டு தட்டுகளும் உரசும் இடம் வழவழப்பானதல்ல. அங்கங்கே பூட்டிக்கொள்கிறது. கீழே போகும் தட்டு மேலே இருப்பதையும் சேர்த்து இழுக்க, தீவுகள் நசுங்கி வளைகின்றன. நூற்றாண்டுக் கணக்கில் சேரும் இந்த இறுக்கம் ஒருநாள் சில நிமிடங்களில் அவிழ்கிறது. 2004-ல் காலை 6.29-க்கு அவிழ்ந்தது. வட சுமத்ராவில் தொடங்கிய பிளவு அந்தமானின் வடகோடி வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடியது.

அவிழ்ந்தபோது நடந்ததைப் புரிந்துகொள்ளக் கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு முனை எழுந்தால் மறுமுனை தாழும். தட்டின் மேற்கு விளிம்புக்கு அருகில் இருந்த இடங்கள் எழுந்தன. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றிலும் பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் வெளுத்துச் செத்தன. வட அந்தமானில் டிக்லிப்பூர் பக்கமும் நிலம் உயர்ந்தது. தள்ளி இருந்த போர்ட் பிளேர் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. நிக்கோபார் தீவுகள் அதைவிட அதிகமாகத் தாழ்ந்தன.

இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது? பதில், இன்று ஆட்டோக்காரர் கையில் இருக்கும் அதே ஜி.பி.எஸ். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிடுகிறது கருவி. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 30 சென்டிமீட்டர் பிசகும். தெருவைக் கண்டுபிடிக்க அது போதும். நகம் வளரும் வேகத்தை அளக்கப் போதாது.

எனவே ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி பிடிக்கிறார்கள். பாறையில் துளையிட்டு ஓர் எஃகுக் கம்பியைப் பதிக்கிறார்கள். அதன்மேல் ஆன்டெனாவை நிறுத்திப் பல மணி நேரம், சில சமயம் பல நாட்கள், பதிவு செய்கிறார்கள். இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டு, வானத்தின் மேலடுக்குகள் உண்டாக்கும் தாமதத்தைக் கழிக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே கம்பிக்கே திரும்பி வருகிறார்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம்கூட அப்போது தெரிந்துவிடும். பக்கவாட்டு நகர்வு எளிதில் பிடிபடும், ஏற்ற இறக்கத்துக்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

துருவப் பிரதேசங்களிலும் இதே வேலை நடக்கிறது, காரணம் வேறு. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனியின் பாரம் குறையக் குறைய அடியிலுள்ள பாறை மெல்ல நிமிர்கிறது, தலைச்சுமையை இறக்கிவைத்தவள் முதுகை நிமிர்த்துவதுபோல. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலான வளைகுடாக் கரை, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருகிய பனிக்காக இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எழுகிறது. அண்டார்டிகாவில் நமது மைத்ரி நிலையத்திலும் தொண்ணூறுகளின் பிற்பகுதி முதலே ஜி.பி.எஸ். இயங்குகிறது. அங்கே உறைபனியும் இருட்டும் எதிரிகள். அந்தமானில் மழையும் அடர்ந்த காடும்.

நல்லவேளையாக, அந்தமானில் சில கம்பிகள் 2004-க்கு முன்பே பதிக்கப்பட்டிருந்தன. பூகம்பத்துக்குப் பிறகு திருவனந்தபுரம், ஹைதராபாத், பெங்களூர் ஆய்வு நிறுவனங்களின் குழுக்கள் தீவுகளுக்கு விரைந்தன. இடத்துக்கு இடம் ஒன்றரை மீட்டர் முதல் ஆறரை மீட்டர் வரை நிலம் தென்மேற்காக நகர்ந்திருந்தது தெரிந்தது. அதன் பிறகும் அது ஓய்ந்துவிடவில்லை. வேகம் குறைந்தாலும் ஆண்டுக்கணக்கில் நகர்வு நீடித்ததை அடுத்தடுத்த அளவீடுகள் காட்டின.

இதனால் சாமானியனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். இரண்டு லாபங்கள்.

ஒன்று, எச்சரிக்கை. 2004-ல் பசிபிக் எச்சரிக்கை மையம் முதல் கால் மணி நேரத்தில் கணித்த அளவு 8.0. சுமார் ஒரு மணி நேரம் கழித்து 8.5. உண்மையில் அது 9-ஐத் தாண்டியது. மிகப்பெரிய பூகம்பங்களில் அதிர்வுமானிகளின் அவசரக் கணக்கு இப்படிக் குறைந்துபோவது உண்டு. நிலம் எத்தனை மீட்டர் இடம் மாறியது என்பதை ஜி.பி.எஸ். நேரடியாகவே சொல்லிவிடும். அந்தத் தகவல் உடனுக்குடன் கிடைத்திருந்தால் கால் மணி நேரத்துக்குள் உண்மையான அளவு தெரிந்திருக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 2007-ல் ஹைதராபாத்தில் நமது சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. தீவுகளில் நேரடித் தகவல் அனுப்பும் ஜி.பி.எஸ். கருவிகளும் பிறகு வந்தன.

இரண்டாவது லாபம் பேசப்படுவது குறைவு. தண்ணீர் ஏன் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது போகுமா என்ற கேள்விக்குப் பதில். போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் வயல்களில் உப்புநீர் புகுந்தது. சுனாமி கொண்டுவந்த நீர் என்றால் வடியும், மண்ணைக் கழுவி மறுபடி நெல் விதைக்கலாம். நிலமே ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது என்றால் ஒவ்வொரு ஓதத்திலும் கடல் திரும்ப வரும். காத்திருக்கச் சொல்வதா, வேறு இடம் தருவதா? அந்த முடிவை எடுக்க ஓர் எஃகுக் கம்பியின் சாட்சியம் தேவைப்படுகிறது. கட்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பிய தமிழர்களுக்கும், அதே தீவின் நிக்கோபாரிகளுக்கும் இது ஏட்டுக் கேள்வியல்ல. 2000-ஆம் ஆண்டின் முதல் சூரியோதயத்தைப் பார்க்க உலகம் தேடிவந்த அந்தத் தீவு, ஐந்தாண்டு முடிவதற்குள் தன் கரையை இழந்து நின்றது.

கேள்வி பழசாகிவிடவில்லை. இந்திரா முனைக்குப் பக்கத்தில் கலாத்தியா வளைகுடாவில் ஒரு பெரிய துறைமுகமும், தீவில் விமான நிலையமும் நகரியமும் கட்டும் திட்டம் 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றது. 2004 போன்ற பூகம்பம் பல நூற்றாண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். இருக்கலாம். ஆனால் 1881-ல் கார் நிக்கோபார் அருகிலும் 1941-ல் அந்தமானிலும் பெரிய பூகம்பங்கள் வந்திருக்கின்றன. அவை நூற்றாண்டுக் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. துறைமுக மேடை என்பது கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று கணக்கிட்டுக் கட்டுவது. அந்த மட்டத்தை எந்த ஆண்டின் அளவிலிருந்து எடுத்தார்கள், அதற்குப் பிறகு நிலம் எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்பதைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். நூறாண்டு நிற்க வேண்டிய கட்டடத்துக்கு இது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

நிலப் பத்திரத்தில் நான்கு எல்லைகளைக் குறிக்கிறோம். உயரத்தைக் குறிப்பதில்லை, தேதி போட்டுக் குறிப்பது அதைவிட அபூர்வம். நிக்கோபாரில் இரண்டும் வேண்டும்.