ஆசானும் அவசரமும்

ஓராண்டின் தோல்விகளைக் கொண்டே ஓர் ஆசானின் தகுதியை அளத்தல் நீதியன்று. கால்பந்துப் பயிற்சியாசிரியர் ஆஞ்ச் போஸ்டெகோக்லுவின் வரலாறே இதற்குச் சான்றாம். கிரேக்க நாட்டிற் பிறந்து, ஐந்தாம் வயதில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரையடைந்த அவர், சவுத் மெல்போர்ன் குழுவில் தற்காப்பு வீரராய் விளங்கினார். முழங்காற் காயம் 27-ஆம் வயதிலேயே அவரை ஆட்டத்தினின்று விலக்கிற்று. எனினும், அக்குழுவைப் பயிற்றிய ஹங்கேரியப் பெருவீரர் புஷ்காஸுக்கு மொழிபெயர்ப்பாளராய் நின்று கற்ற கல்வி வீண்போகவில்லை.

அஞ்சாது தாக்கி ஆடுதலே அவர் கொள்கை. அதனால் 2015-இல் ஆஸ்திரேலியா ஆசியக் கிண்ணத்தையும், 2019-இல் ஜப்பானின் யோகோஹாமா குழு லீக் பட்டத்தையும் வென்றன. இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் குழு 17 ஆண்டுகளாக எக்கிண்ணமும் காணாதிருந்து, 2025-இல் அவரால் யூரோப்பா லீக் கிண்ணத்தைப் பெற்றது. பதினாறாம் நாளே அவரை நீக்கிற்று! அவ்வாண்டு அக்குழு உள்நாட்டு லீக்கில் 22 தோல்வியுற்று 17-ஆம் இடத்திற்கு இறங்கியது மெய்யே. வீரர் பலர் காயமுற்றுக் கிடந்ததும் மெய்யன்றோ? பின்னர் நாட்டிங்ஹாம் பாரஸ்ட் குழுவோ, எட்டு ஆட்டங்களில் வெற்றியில்லையென்று 39 நாட்களிலேயே விடைகொடுத்தது.

முப்பத்தொன்பது நாளில் கீரை விளையும். மரம் கனி தருமோ?