அட்ரஸ் புக் தொலையவில்லை... ஒளிந்திருக்கிறது!

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போய், "மெயில்ல இருந்த அட்ரஸ் எல்லாம் காணோம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "வைரஸா இருக்கும் சார், ஃபார்மட் போட்டுடலாம்."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அது இதுதான். காணாமல் போனதாகச் சொல்லப்படும் முகவரிகள் பல நேரம் காணாமல் போவதே இல்லை. அதே ஹார்ட் டிஸ்கில், வேறு ஏதோ ஒரு ஃபோல்டரில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஃபார்மட் போட்ட பிறகுதான் நிஜமாகவே தொலைகின்றன!

அட்ரஸ் தானே, திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் சிதம்பரத்தைப் பார்க்க வேண்டும். வெளியூர்க் கட்டளைதாரர்களுக்குத் தீட்சிதர்கள் தபாலில் பிரசாதம் அனுப்புவது அங்கே பழைய வழக்கம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியதும் தபால் முகவரிகளை நம்பித்தான். பரங்கிப்பேட்டையில் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஆள் இருக்கும் வீடுகள் எத்தனை! அங்கெல்லாம் முகவரி என்பது பிழைப்பு, உறவு. அதை ஐந்து நிமிடம்கூடத் தேடாமல் அழிப்பதற்குப் பெயர் ரிப்பேரா?

சரி, எங்கேதான் ஒளிந்திருக்கிறது?

முதலில் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அதில் முகவரிகள் எல்லாம் 'டபிள்யூ.ஏ.பி.' என்று முடியும் ஒரே ஒரு ஃபைலில் இருக்கும். ஆனால் அந்த ஃபைல் இருப்பது அப்ளிகேஷன் டேட்டா என்ற மறைக்கப்பட்ட ஃபோல்டருக்குள். 'ஹிடன் ஃபைல்ஸ்' காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். போதாததற்கு 'ஐடென்டிட்டி' என்று ஒன்று. வீட்டில் அண்ணனும் தங்கையும் தனித்தனி ஐடென்டிட்டி வைத்திருந்தால், அண்ணன் பெயரில் திறக்கும்போது தங்கையின் முகவரிகள் தெரியாது. ஐடென்டிட்டியை மாற்றினால் வந்துவிடும். இதற்கா ஃபார்மட்?

அடுத்து அலுவலகங்களில் இருக்கும் கிளாசிக் அவுட்லுக். இதில் 'கான்டாக்ட்ஸ்' வேறு, 'அட்ரஸ் புக்' வேறு. கான்டாக்ட்ஸ் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் 'இந்த ஃபோல்டரை அட்ரஸ் புக்காகக் காட்டு' என்று ஒரு டிக் உண்டு. அது எடுபட்டுப் போனால், கான்டாக்ட்ஸில் அத்தனை பேரும் இருப்பார்கள், மெயிலில் 'டு' பட்டனை அழுத்தினால் ஒருவரும் வரமாட்டார்கள். ஈமெயிலோ ஃபேக்ஸோ இல்லாமல் வெறும் போன் நம்பரோடு சேமித்தவர்களும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஒரு டிக் போட வேண்டிய வேலைக்கு ஒரு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைக் கடையில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

இன்னொரு பெரிய ஏமாற்று, இரண்டு எழுத்து அடித்ததும் தானாக வந்து விழும் பெயர்கள். அதுதான் அட்ரஸ் புக் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது வெறும் ஞாபகக் குறிப்பு. அவுட்லுக் 2007 வரை இது 'என்.கே.2' என்ற தனி ஃபைலில் இருந்தது. கடைக்காரர் மெயில் ஃபைலை மட்டும் காப்பி எடுத்து, இதை விட்டுவிட்டால் போச்சு. தண்டர்பேர்டில் பதில் எழுதிய முகவரிகள் எல்லாம் 'கலெக்டட் அட்ரஸஸ்' என்ற தனிப் புத்தகத்தில் சேரும். சொந்தப் புத்தகத்தில் மட்டும் தேடிவிட்டுக் கண்ணைக் கசக்குவதில் பயனில்லை.

தமிழில் பெயர் எழுதி வைத்தவர்கள் பாடு தனி. சி.எஸ்.வி. ஃபைலாக மாற்றும்போது யூ.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் 'முருகேசன்', 'கலியபெருமாள்' எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படிச் சேமித்த ஃபைலிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. மூல ஃபைல் கையில் இருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

இப்போது உண்மையான குற்றவாளிக்கு வருவோம். கடைக்காரருக்குக் கிடைப்பது நூறு இருநூறு கூலி. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. எக்ஸ்பியில் ஒரே ஃபைலாக இருந்ததை, விஸ்டாவில் ஆளுக்கொரு ஃபைலாக மாற்றியது மைக்ரோசாஃப்ட். பிறகு விண்டோஸ் லைவ் மெயில் என்றார்கள், 2017-ல் கைவிட்டார்கள். அடுத்து மெயில், பீப்பிள் என்று புது ஆப்கள். அவற்றுக்கும் 2024 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் வீடு மாற்றுவது நிறுவனம், சாமான் தொலைவது மட்டும் நமக்கு! இத்தனைக்கும் முகவரிகளைச் சேமிக்க 'விகார்ட்' என்ற பொது வடிவம் 1990-களிலிருந்தே இருக்கிறது. எந்த மென்பொருளிலும் திறக்கும் அந்த வடிவில் முதல் பக்கத்திலேயே ஒரு 'நகல் எடு' பட்டன் வைக்க என்ன தடை? வாடிக்கையாளர் சுலபமாக வேறு இடம் போய்விடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

"இதெல்லாம் பழைய கதை, இப்போ எல்லாம் கூகிள்ல இருக்கு" என்பார்கள் சிலர். கூகிள் கான்டாக்ட்ஸில் தவறாக அழித்ததைத் திரும்பப் பெறுவதற்கும் முப்பது நாள்தான் கெடு. முப்பத்தோராவது நாள் தேடினால் கிடைக்காது. பாஸ்வேர்டு மறந்தால் மொத்தமும் போச்சு. பெட்டி மாறியிருக்கிறதே தவிர, சாவி இன்னும் அடுத்தவர் கையில்தான்.

காமர்ஸ் படித்த எவருக்கும் இது தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் லெட்ஜரைக் கிழித்துப் போடுவதில்லை. வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் எழுதி வைத்துவிட்டுப் பிழையைத் தேடுவார். கம்ப்யூட்டர் விஷயத்திலும் அதே ஒழுங்கு வேண்டும். முதலில் நகல், பிறகு தேடல், வேறு வழியே இல்லை என்றால் கடைசியில் ஃபார்மட். நகல் எடுத்தாயிற்று என்று பில்லில் எழுதித் தராத கடையில் கம்ப்யூட்டரை விடவே கூடாது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. 2015-ல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. ரேஷன் கார்டையும் பட்டாவையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரண்மேல் வைக்க இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கவருக்குள் முகவரிகளின் பிரிண்ட் அவுட் ஒன்றும், ஒரு பென் டிரைவும் சேரட்டும். அதன்பிறகு "ஃபார்மட் போட்டுடலாமா சார்?" என்று யார் கேட்டாலும் பயப்படத் தேவையில்லை.