சிறு விளக்கின் பிரகாசம்

இராயபுரம் இரயில் நிலையம் 1856-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. தென்னிந்தியாவின் முதற் பயணிகள் வண்டி அவ்விடமிருந்தே புறப்பட்டது. அப்பெருமையை நினைந்து நம் கலாசாலை மாணாக்கர் சிலர் அட்டையால் அந்நிலையத்தின் மாதிரியொன்று அமைத்து, சிவப்பும் பச்சையும் காட்டும் சிக்னல் கம்பமும் நாட்டினர். சிவப்பு நன்கு சுடர்ந்தது. பச்சையோ மின்மினியினும் மங்கிற்று. பழுதுற்ற எல்.இ.டி.யைத் தந்துவிட்டாரென்று கடைக்காரர்மீது பழி சுமத்தப்பட்டது. அவர் நிரபராதி என்பதே எம் கட்சி.

சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். இக்காலத்துப் பிரகாசமான பச்சையும் நீலமும் வெள்ளையும் ஏறத்தாழ 3 வோல்ட் இன்றிச் செவ்வனே ஒளிரா. இரண்டு பென்டார்ச் செல்கள் சேர்ந்து தருவதே 3 வோல்ட். அவையும் சிறிது தளர்ந்து, இடையில் ரெசிஸ்டரும் நின்றால் பச்சைக்கு எஞ்சுவது யாது? இவ்வுண்மை அறியாது ரெசிஸ்டரைக் கழற்றி எறிவதும், 9 வோல்ட் பாட்டரியை நேரே பொருத்துவதும், விளக்கு ஒருகணம் பளிச்சிட்டுக் கருகியபின் ரிச்சி தெருவுக்கு ஓடுவதும் நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டன.

கணக்கு மிக எளிது. 9 வோல்ட்டில் சிவப்பு விளக்கு 2 வோல்ட்டைக் கொள்ள, மிஞ்சிய 7 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 350 ஓம். கடையில் கிடைக்கும் 390 ஓம் தகும். ஆயின் அவ்வேழு வோல்ட்டும் வீணே வெப்பமாகின்றது. மூன்று சிவப்பு விளக்குகளைத் தொடராக இணைத்து 150 ஓம் வைப்பின், அதே மின்னோட்டத்தில் மும்மடங்கு ஒளி கிடைக்கும். பாட்டரிக்குச் செலவு மிகாது. மின்னோட்டத்தை இரட்டித்தலால் இப்பயன் எய்தாது. விளக்கு சூடேறி ஆயுள் குன்றும். நம் கண்ணுக்கோ அவ்வொளி இருமடங்காய்த் தோன்றவும் செய்யாது.

உறையில் எழுதிய மில்லி காண்டெலா எண்ணைக் கண்டு மயங்கலாகாது. ஒளி குறுகிய கோணத்துள் குவிந்தால் அவ்வெண் பெருகும். எதிரே நிற்பார்க்குக் கண் கூசும், பக்கத்தில் நிற்பார்க்கு இருளே. சிக்னலுக்கு அது பொருந்தும். படிப்பு விளக்குக்குப் பொருந்தாது.

வெளிச்சம் மிகுதல் யாண்டும் நன்றென்பார், காசிமேட்டுத் துறைமுகத்தில் சற்றே விசாரிப்பாராக. எல்.இ.டி. ஒளியால் கடலில் மீனை ஈர்த்துப் பிடித்தலை 2017 நவம்பரில் மத்திய அரசாங்கம் தடைசெய்தது; குஞ்சு மீன்களும் அவ்வொளியில் மாண்டுபோம் என்பதே அச்சம்.

பற்றவைக்கும் கோலைத் தொடுமுன் இக்கணக்கை ஏட்டில் எழுதிக் காட்டாத மாணாக்கர்க்கு எல்.இ.டி. கொடாதிருக்குமாறு பரிசோதனைச்சாலை ஆசிரியர்களை வேண்டுகின்றோம். மேற்கூறிய கம்பத்தில் 9 வோல்ட் பாட்டரியும், சிவப்புக்கு 390 ஓமும் பச்சைக்கு 330 ஓமும் வைத்த மறுகணமே பச்சை ஒளிர்ந்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் எவரும் சென்றிலர்.